சிமென்ட் இல்லாத கான்கிரீட்... தெரியுமா?

ஆஸ்திரேலியாவில், டுவூம்பா நகரை ஒட்டிய வெல்கேம்ப் விமான நிலையத்தில் ஜம்போ சரக்கு விமானம் வந்து நிற்கிறதே, அந்தத் தளத்துக் கான்கிரீட்டில் வழக்கமான சிமென்ட்டே கிடையாது, தெரியுமா? 2014-இல் திறந்த அந்த நிலையத்துக்குக் கொட்டியது சுமார் 40,000 கன மீட்டர் ஜியோபாலிமர்! அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பு உலைக் கசடும் காரத்தில் இறுகிக் கல்லாகிவிட்டன. ஜியோபாலிமர் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ்.

தண்ணீர் விஷயத்தில் எல்லாமே தலைகீழ்! சாதா சிமென்ட் தண்ணீரைக் குடித்துத்தான் கெட்டிப்படும். ஜியோபாலிமரோ இறுகும்போது தண்ணீரை வெளியே தள்ளும். தாராளமாக ஊற்றினீர்களோ, அது விட்டுப்போன இடமெல்லாம் நுண்துளை; வலு போச்சு. இதற்கு வேண்டியது சூடு. சாம்பல் கலவையை 60 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்தால், வலுவில் பெரும்பகுதி அன்றே வந்துவிடும். சூடு காட்ட வழியில்லையா? கசடைக் கூட்டுங்கள், வெளியில் வைத்தாலே இறுகும்.

சரி, இந்தக் கலவைக்குள் மெல்லிய இழைகளைச் சேர்த்தால் இரும்பாகிவிடுமா? அங்கேதான் வேடிக்கை! நசுக்கும் பாரத்தைத் தாங்குவதில் இழையால் பெரிய லாபமில்லை. வளைக்கும்போதும் விரிசல் விடும்போதும்தான் அதன் அருமை தெரியும்: பிளவின் இரு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் கலவைக்குள் உருண்டை உருண்டையாகச் சுருண்டு, உள்ள வலுவையும் கெடுக்கும்.

எந்த இழை என்பது அதைவிட முக்கியம். சாதாரணக் கண்ணாடி இழையைக் காரம் அரித்துவிடும். சிர்கோனியா கலந்த கண்ணாடி தாக்குப்பிடிக்கும். சணல், தேங்காய் நார் போன்றவற்றையும் பக்குவப்படுத்தாமல் போட்டால் நாளடைவில் காரம் தின்றுவிடும். உருக்குக் கம்பிக்கோ அதே காரம் துருப்பிடிக்காமல் காக்கும் கவசம்!

கரி இழையின் கதைதான் உச்சம். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை, விமான உட்புறத்துக்காகக் கரி இழை ஜியோபாலிமரைத் தீச்சோதனைக்கு உட்படுத்தியது. பற்றவில்லை, புகையவில்லை, வளைவுத் தாங்குதிறனில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சியது! வழக்கமான பிசின் பலகைகள் அதே அனலில் குப்பென்று பிடித்துக்கொண்டன.

வீட்டில் முயன்று பார்க்கத் தோன்றுகிறதா? வேண்டாம். அந்தக் காரத்துக்குக் கடையில் பெயர் காஸ்டிக் சோடா. தண்ணீரில் போட்டதுமே கடுமையாகச் சூடேறும், பட்ட தோலைப் புண்ணாக்கிவிடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்!