தரை கோணினால் லேத்தும் கோணும்

மேடு பள்ளமான தரையில் ஒரு முக்காலியைப் போடுங்கள். அது ஆடாது. அதே இடத்தில் நான்கு கால் பெஞ்சைப் போடுங்கள். ஒரு கால் தூக்கிக்கொள்ளும். பெஞ்சு ஆடும்.

லேத் எந்திரத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. லேத் மிகவும் கனமானது. அதனால் ஆட்டம் வெளியே தெரியாது. ஆனால் எந்திரம் முறுக்கிக்கொள்ளும்.

இரும்பு முறுக்கிக்கொள்ளுமா?

ஆம். லேத்தின் நீண்ட அடிப்பகுதியைப் பெட் என்கிறோம். அது வார்ப்பிரும்பால் ஆனது. ஈரத் துணியைப் பிழியும்போது துணி முறுக்கிக்கொள்கிறது அல்லவா? அதுபோலப் பெட்டும் மிக மிகச் சிறிதளவு முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால், வெட்டும் டூல் பெட்டின் மேல்தான் நகர்கிறது. பெட் முறுக்கினால் டூல் விலகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு முனையில் டூல் 0.02 மி.மீ. வெளியே விலகியது என்று வைத்துக்கொள்வோம். கம்பி சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனவே எதிர்ப்பக்கமும் அதே அளவு வெட்டுப்படாமல் நிற்கும். 0.02 + 0.02 = 0.04. கம்பியின் அந்த முனை 0.04 மி.மீ. பருமனாகிவிடும்.

இது தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஆனால் பேரிங்கில் பொருந்த வேண்டிய தண்டுக்கு இதுவே அதிகம். வேலை ரிஜெக்ட் ஆகும். எந்திரம் உறுதியாக உட்காராவிட்டால் அதிர்வும் வரும். வெட்டிய இடத்தில் அலை அலையாகக் கோடு விழும். கார்பைடு டிப்பின் முனை உடையும்.

புனேயில் ஏன் கவனம் தேவை?

மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962இல் தொடங்கியது. புனேயை அடுத்த பிம்பிரி, சிஞ்ச்வட், போசரி பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் சிறு லேத் பட்டறைகளும் பெருகின.

புனே வட்டாரத்தில் பல இடங்களில் கரிசல் மண் உண்டு. நம் கோவில்பட்டிப் பக்கத்து மண்ணைப் போன்றதுதான். மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அடித்தளம் பலமாக இல்லாவிட்டால் மேலே உள்ள தரையும் அசையும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பருமனான ஒரு கம்பியைச் சக்கில் மட்டும் பிடியுங்கள். டெயில் ஸ்டாக் கொடுக்க வேண்டாம். இரண்டு முனைகளிலும் மெல்லிய வெட்டுப் போடுங்கள். டூலை இடையில் மாற்றக் கூடாது. மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் முதலில் எந்திரத்தின் மட்டத்தைப் பாருங்கள்.

கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. 1 மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வையும் காட்டும் ரசமட்டம் வேண்டும். அதைப் பெட்டின் குறுக்கே இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

எப்படிச் சரி செய்வது?

1. மெயின் சுவிட்சை அணையுங்கள். எந்திரத்தின் அடியில் கையை விடாதீர்கள்.
2. மட்டத் திருகு அல்லது இரும்புத் தகடு கொண்டு உயரத்தைச் சரி செய்யுங்கள். மரத்துண்டு வேண்டாம். அது நாளடைவில் அமுங்கும்.
3. போல்டுகளைச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ரசமட்டத்தைப் பாருங்கள்.
4. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் மறுபடி பாருங்கள்.

வேலை கெட்டால், "உன் கை சரியில்லை" என்று தொழிலாளியைத்தான் முதலில் திட்டுவார்கள். கூலியும் பிடிப்பார்கள். ஆகவே ஒரு நோட்டில் தேதியையும் இரண்டு முனைகளின் அளவையும் எழுதி வையுங்கள். அதை முதலாளியிடம் காட்டுங்கள். குறை கையிலா, தரையிலா என்பது அவருக்கே விளங்கும்.