ஐப்பசியில் தோட்டம் சும்மா கிடக்க வேண்டாம்

ஆடிப் பட்டத்தில் போட்ட வெண்டை, கொத்தவரை, சின்ன வெங்காயம் எல்லாம் ஐப்பசி வாக்கில் ஓய்ந்துவிடும். அடுத்த நடவு தைப் பட்டத்தில்தான். இடையில் இரண்டரை மாதம் தோட்டம் வெறுமனே கிடக்கிறது. “நிலமும் கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டுமே” என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த இரண்டரை மாதம்தான் மண்ணுக்குச் சோதனைக் காலம்.

நமது மாநிலத்தில் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. மூடாத மண்ணின் மேல் மழைத்துளி நேராக வந்து அடிக்கிறது. மண் கட்டி உடைந்து, சேறாகி, காய்ந்ததும் மேலே ஓடு கட்டிவிடுகிறது. வண்டல் வாய்க்காலோடு போகிறது. நீங்கள் காசு கொடுத்துப் போட்ட தழைச்சத்தில் மிச்சம் இருப்பது நீரில் கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது. போதாக்குறைக்குப் பார்த்தீனியமும் கோரையும் முளைத்து விதை போட்டுவிடும்.

இதற்கு எளிய வழி, அந்த இடைவெளியில் ஒரு பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுவது. பயிர் நிற்கும்போது மண்ணுக்குப் போர்வை, மடங்கியபின் உரம்.

எதை விதைக்கலாம்? தண்ணீர் தேங்காத தோட்டத்துக்குச் சணப்பை முதல் தரம். பள்ளக்கால், தண்ணீர் நிற்கும், களர்த் தன்மை உண்டு என்றால் தக்கைப்பூண்டு. மழை நம்பிக்கை இல்லாத மேட்டு நிலத்தில் கொள்ளு விதைக்கலாம். பனி ஈரத்திலேயே படர்ந்து மண்ணை மூடிவிடும்.

சணப்பை ஏக்கருக்கு 15 கிலோ விதை வேண்டும். வீட்டுத் தோட்டம் என்றால் ஒரு சென்ட்டுக்கு 150 கிராம் போதும். ஐப்பசி, கார்த்திகையில் பகல் பொழுது குறைவு. அதனால் சணப்பை சீக்கிரமே பூ எடுத்துவிடும். கோடையில் வளரும் உயரம் வராது. அதற்காக மனம் தளர வேண்டாம். சற்று நெருக்கி விதைத்தால் சரியாகிவிடும். பயறு வகைக்கான ரைசோபியம் பொட்டலம் கேட்டு வாங்கி, ஆறிய வடிகஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். ஒரு மழை ஈரத்தில் விதைத்து மேலாக ஓர் உழவு ஓட்டினால் போதும்.

ரைசோபியம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். காற்றில் ஐந்தில் நாலு பங்கு தழைச்சத்துதான் இருக்கிறது. ஆனால் செடி அதை நேராக எடுக்க முடியாது. வேர்முடிச்சில் குடியிருக்கும் இந்த நுண்ணுயிர்தான் அதைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. வேலை நடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். 30ஆம் நாள் வாக்கில் நாலு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

“தக்காளி வேரிலும் முடிச்சு இருக்குதுங்களே, அதுவும் நல்லதுதானே?” என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை! அது நூற்புழு செய்யும் வேலை. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்தால் கழன்று வரும். நூற்புழு முடிச்சு என்பது வேரே வீங்கியிருப்பது, கழலாது. இந்த நூற்புழு சணப்பை வேரில் பெருகுவது குறைவு. ஆகவே தக்காளி, கத்தரி வைக்கப்போகும் நிலத்துக்குச் சணப்பை இரட்டிப்பு லாபம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மடக்கி உழுவதற்குச் சரியான நாள் எது? வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பூ தெரிகிற நாள்தான். சுமார் 45 முதல் 50 நாள். “இன்னும் பத்து நாள் விட்டா இன்னும் தழை சேருமுங்க” என்று ஆசைப்படக் கூடாது. சணப்பை கயிறு திரிக்கிற நார்ப் பயிர் என்பதை மறக்க வேண்டாம். முற்றினால் தண்டில் நார் ஏறிவிடும். நாரை மக்க வைக்கும் நுண்ணுயிருக்கும் தழைச்சத்து வேண்டும். தண்டில் கிடைக்காததை அது மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். உரம் போட்டும் பயிர் வெளிறி நிற்கும் தோட்டங்களில் இதுவும் ஒரு காரணம். இளம் தண்டு ஒடித்தால் படக்கென்று ஒடியும். நார் இழுத்தால் முற்றிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அரை அடி ஆழத்துக்குள் மடக்கி உழுதால் போதும். அந்தச் சமயம் மண்ணில் ஈரம் இருக்க வேண்டும்; மழை இல்லையென்றால் ஒரு தண்ணீர் பாய்ச்சுங்கள். வீட்டுத் தோட்டத்தில் அரிவாளால் நறுக்கி, மண்வெட்டியால் கொத்திப் புதைக்கலாம். பிறகு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பச்சைத் தழை அழுகும்போது நாற்று வைத்தால் தண்டு அழுகிச் சாயும். ஐப்பசி 10ஆம் தேதி விதைத்தால் மார்கழி முதல் நாளில் மடக்கி, தை பிறந்ததும் நடலாம். கணக்கு சரியாக இருக்கிறது அல்லவா?

எவ்வளவு உரம் கிடைக்கும்? மடக்குவதற்கு முன் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் செடிகளைப் பிடுங்கி, மண்ணை உதறி, நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ இருந்தால் ஏக்கருக்கு நாலு டன் தழை. உலர்ந்தால் சுமார் 800 கிலோ. 100 கிலோ உலர்ந்த சணப்பையில் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தழைச்சத்து இருப்பதால், மொத்தம் சுமார் 18 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ளது 20 கிலோவுக்குச் சற்று அதிகம். இதில் ஒரு பகுதி மண்ணில் ஏற்கனவே இருந்தது. எல்லாமே முதல் பயிருக்குக் கிடைத்துவிடாது. ஆனால் யூரியா மண்ணைப் பொலபொலப்பாக்காது, ஈரம் பிடித்து வைக்காது. தழை செய்யும்.

“ஐம்பது நாள் வளர்த்து மண்ணுக்குள்ள போடுறதுக்குப் பதிலா உளுந்து போட்டாக் காசு வருமே?” இது நியாயமான கேள்வி. ஆனால் பயறு வீட்டுக்கு வரும்போது அது சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதியும் கூடவே வந்துவிடும். மாடு குறைந்து, எரு வண்டி கிடைப்பதே அரிதான இந்தக் காலத்தில் மண்ணுக்கும் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். கொஞ்ச நிலம் வைத்திருப்பவர்கள் தோட்டத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஆண்டுக்கு ஒரு பங்கில் சணப்பை, மற்ற இரண்டில் உங்கள் விருப்பம். மூன்றாண்டில் முழுத் தோட்டமும் சுற்றி வந்துவிடும்.

நம் வெயிலுக்கு மக்கு நெடுநாள் நிலைக்காது. ஒரு தடவை போட்டுவிட்டு, “ஒண்ணும் தெரியலையே” என்று கைவிட வேண்டாம். தொடர்ந்து செய்யுங்கள். விதை, ரைசோபியம் பற்றிய விவரங்களுக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தைப் புரட்டாசியிலேயே அணுகுங்கள். மழை வந்தபின் விதை தேடி அலைவதில் பயனில்லை.