சந்தோசமா வாறன்

தேற்றாத்தீவில் எமது பெண்கள் குழுவிலுள்ள அக்கா ஒருவர் 2007 இல் யுத்தத்தில் கணவரை இழந்தவர். அவருடைய மகள், வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்காக ஜப்பானுக்குப் போகும் எண்ணத்தில் அந்த நாட்டு மொழியைப் படிக்கிறாள். தொழிலாளர்களை அனுப்புவது தொடர்பாக 2019 இல் இரு நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, விருந்துக்கு அழைத்தால் எப்படிப் பதில் சொல்வது என்ற பாடத்தை அவள் உரத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் "ஒமனெகி அரிகத்தோ கொசாய்மஸ்", அதாவது அழைத்தமைக்கு நன்றி. பிறகு "யொரொகொந்தே உககாயிமஸ்". யொரொகொந்தே என்றால் சந்தோசத்துடன். உககாயிமஸ் என்பது பணிவாக 'வருகிறேன்' என்பது. வர விருப்பமில்லாவிட்டால் நேரே மறுக்காமல் "சொத்தோ..." என்று இழுத்து நிறுத்துவார்களாம். கேட்பவர் விளங்கிக்கொள்வார்.

அந்த நேரம் அயல்வீட்டுப் பெண் வட்டாவில் வெற்றிலை பாக்குடன் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார்.

"பார்ப்பம் புள்ள" என்றார் அக்கா.

அவர் போனதும் மகள், "அம்மா சொன்னதும் சொத்தோதான்" என்று சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "தாலி கட்டுற இடத்தில நான் எப்படிப் புள்ள நிக்கிற?" என்றார்.

இத்தனை வருடமும் அவர் எல்லா அழைப்புக்கும் சொன்ன பதில் இதுதான். நாமும் அதை மரியாதையான பதில் என்றே எடுத்துக்கொண்டோம். வெற்றிலை கொடுத்ததும் எமது கடமை முடிந்துவிடுகிறது. அவர் வராதபோது ஏன் என்று நாம் கேட்பதில்லை.

அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அயல்வீட்டுப் பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசினேன். அடுத்த நாள் அவர் வெறுங்கையுடன் வந்து, "குரவை போட நீங்க முன்னுக்கு நிக்க வேணும் அக்கா. நீங்க இல்லாட்டி எனக்குக் குறைதான்" என்றார். அக்கா கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுகா, "சந்தோசமா வாறன்" என்றார்.

கலியாணத்தன்று வயதான ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது உண்மை. ஆனால் மணமகளின் தாய் அக்காவின் கையை விடவில்லை. குரவைச் சத்தத்தில் அக்காவின் குரலும் கேட்டது.

சகோதரிகளே, கணவரை இழந்த ஒருவரை அழைக்கப் போகும்போது அவருக்கென ஒரு இடத்தையும் ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழைக்கப்படுபவர் நீங்களானால், "பார்ப்பம்" என்று சொல்லுமுன், போக உங்களுக்கு விருப்பமா என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.