நைலான் குழாயும் பிரேக்கும்

அமெரிக்காவில் சிறு வானூர்திகளைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிப் பறப்போர் பலர். அவர்கள் விரும்பிக் கட்டியவற்றுள் ஒன்று, பர்ட் ரூட்டன் வடிவமைத்து 1979இல் முதன்முதலாகப் பறந்த லாங்-ஈஸி. அதன் முன்சக்கரத்தைத் திருப்பத் தனிக் கருவி இல்லை. தரையில் மெதுவாகச் செல்லும்போது எப்பக்கம் திரும்பவேண்டுமோ அப்பக்கத்துப் பிரேக்கை மட்டும் அழுத்துவர். ஆகவே பிரேக் பழுதானால் நிற்பதோடு திரும்புவதும் அரிதாகிவிடும்.

மிதியில் தரும் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுசெல்வது குழாயிலுள்ள எண்ணெய். நீங்கள் பயின்ற பாஸ்கல் விதிதான். எடை குறைவு, வளைப்பதும் எளிது என்பதால் பலர் நைலான் குழாயைப் பொருத்தினர். தரையிறங்கும் வானூர்தியின் இயக்க ஆற்றல் பிரேக் தட்டில் வெப்பமாக மாறுகிறது. வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். வியப்பு என்னவெனில், ஓடும்போதைவிட நின்றபின்னரே குழாய்க்கு ஆபத்து மிகுதி. குளிர்விக்கும் காற்றோட்டம் இன்மையால் தட்டின் வெப்பம் குழாய்க்குப் பரவ, நைலான் இளகுகிறது. அடுத்தமுறை மிதியை அழுத்துகையில் அது பிதுங்கி வெடிக்கலாம். சிதறும் எண்ணெய் சூடான தட்டில் பட்டுத் தீப்பற்றவும் கூடும்.

மாற்றுவது கடினமன்று. சக்கரத்தையொட்டிய பகுதியிலேனும் அலுமினியக் குழாயோ, எஃகுக் கம்பிப் பின்னலிட்ட டெஃப்லான் குழாயோ வேண்டும். பிறகு எண்ணெயைக் கீழிருந்து மேலாக ஏற்றி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றவேண்டும். காற்றுக்குமிழிகள் எஞ்சினால் மிதி பஞ்சுபோல் அமிழும். சக்கரமோ ஓடிக்கொண்டே இருக்கும்.