இது நடந்ததா? போர்க்காலப் பெண்களின் கதையும் வாசகரின் கேள்வியும்

போர் பற்றிய வரலாற்றுப் புனைவு என்பது, மெய்யாக நடந்த ஒரு போரைக் களமாக வைத்து, அதில் கற்பனை மாந்தரையோ, வாழ்ந்து மறைந்தவர்களின் சாயலில் உருவாக்கப்பட்ட மாந்தரையோ உலவவிடும் கதைவகை. இவ்வகையில் பெண்களை முதன்மைப்படுத்தி எழுதப்படும் நாவல்களை வாசகர் எதிர்கொள்ளும் விதம், பிற நாவல்களை எதிர்கொள்ளும் விதத்திலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. குடும்பக் கதையையோ காதல் கதையையோ படித்து முடித்தவர் அது பிடித்ததா இல்லையா என்று பேசுவதோடு நின்றுவிடலாம். போர்முனையில் நின்ற பெண்ணின் கதையைப் படித்தவரோ, இது நடந்ததா, இப்படி ஒருத்தி இருந்தாளா, இருந்தாள் என்றால் இதுவரை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்கத் தொடங்குகிறார். விமரிசகர் சிலர் இக்கேள்வியைப் பயிற்சியற்ற வாசிப்பின் அடையாளமாகக் கருதி ஒதுக்குவதுண்டு. எனினும், வெவ்வேறு நாடுகளிலும் காலங்களிலும் வெளிவந்த சில நாவல்கள் பெற்ற வரவேற்பையும் எதிர்ப்பையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, இவ்வகை எழுத்தை நேர்மை தவறாமல் காப்பது இந்தக் கேள்விதான் என்பது தெளிவாகிறது.

ரயில் பாதையோரத்து ஐந்து பெண்கள்

தமிழ் வாசகர்களுக்கு இவ்வகையில் மிக நெருக்கமான நூல் பரீஸ் வஸீலியெவ் எழுதிய குறுநாவல். 1969-இல் ‘யூனஸ்த்’ என்ற சோவியத் இதழில் வெளிவந்த அந்தக் கதை, பூ. சோமசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் ‘அதிகாலையின் அமைதியில்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்து, சோவியத் நூல்களை விரும்பிப் படித்த ஒரு தலைமுறையின் நினைவில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் எஸ்.பி. ஜனநாதன் இயக்கிய ‘பேராண்மை’ (2009) திரைப்படத்துக்கும் இக்கதையே தூண்டுதலாக அமைந்தது.

1942 மே மாதம், கரேலியப் பகுதியில் உள்ள ஒரு சிறு ரயில் தரிப்பிடத்தில் கதை நிகழ்கிறது. விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கிகளை இயக்கும் பெண்களுக்குப் பொறுப்பாளரான வஸ்கோவ், காட்டுக்குள் இரண்டு ஜெர்மானியர்கள் இறங்கியிருப்பதாக அறிந்து ஐந்து பெண்களை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். எதிரே வருவதோ பதினாறு பேர். அந்த எண்ணிக்கை தெரிந்த பிறகும் அவர்கள் பின்வாங்குவதில்லை. உதவி கேட்டு வரத் திரும்பிச் சென்ற லீஸா சதுப்பு நிலத்தில் மூழ்குகிறாள். வஸ்கோவ் மறந்துவிட்டு வந்த புகையிலைப் பையை எடுத்துவர ஓடிய சோனியா கத்திக்குத்தில் இறக்கிறாள். எதிரிகளின் பார்வைக்கு எதிரில், குளிர்ந்த ஆற்றில் இறங்கி, எதுவும் அறியாத ஊர்ப் பெண்ணைப்போல் பாடிக்கொண்டே குளிக்கிறாள் ழேன்யா. மரம் வெட்டுவோர் அங்கே முகாமிட்டிருப்பதாக ஜெர்மானியர்களை நம்பவைப்பதற்காக அவள் நிகழ்த்தும் அந்த நாடகத்தைப் படிப்பவர், வீரம் என்பது துப்பாக்கி ஏந்துவதில் மட்டும் அடங்காது என்பதை உடம்பால் உணர்கிறார்.

இக்கதை உருவான விதம் வாசகரின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. காயம்பட்டு மீண்ட ஏழு ஆண் வீரர்கள் ஒரு ரயில் தரிப்பிடத்தைக் காக்க ஜெர்மானிய நாசவேலைக் குழுவை எதிர்த்து நின்றதும், இறுதியில் அவர்களுடைய தலைவர் ஒருவர் மட்டுமே பிழைத்ததும் வஸீலியெவுக்குக் கிடைத்த மூலச் செய்தி. சில பக்கங்கள் எழுதிய பிறகு, இது வழக்கமான போர்க்கதையாகவே முடியும் என்று தோன்றி எழுத்து நின்றுபோனது என்றும், வீரர்களுக்குப் பதிலாகப் பெண்களை வைத்த பின்னரே கதை உயிர் பெற்றது என்றும் அவர் பின்னாளில் விளக்கியிருக்கிறார். எனவே கதையின் ஐந்து பெண்களும் கற்பனை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் நின்ற வரலாறு கற்பனையன்று. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகளில் சுமார் 8 லட்சம் பெண்கள் பணியாற்றினர். விமான எதிர்ப்புப் படைக்கு மட்டும் 1 லட்சம் இளம்பெண்களைத் திரட்டும் ஆணை 1942 மார்ச் மாதத்தில் பிறப்பிக்கப்பட்டது. போர் முடிந்தபின் இவர்களைப் பற்றிய பேச்சு நெடுங்காலம் அடங்கியே இருந்தது.

அந்த மௌனத்தை உடைத்ததால்தான் இக்கதைக்கு அத்தனை பெரிய வரவேற்பு கிடைத்தது. 1972-இல் இதைத் திரைப்படமாக்கிய ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி, போரில் படுகாயமுற்றுக் கிடந்தபோது களத்திலிருந்து ஒரு பெண் செவிலியால் மீட்கப்பட்டவர். அந்தச் செவிலிக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகவே அவர் அப்படத்தைக் கருதினார். ஆக, இக்கதையின் முக்கியமான வாசகர் ஒருவர், தம்மைக் காப்பாற்றிய பெண்ணை அதில் அடையாளம் கண்டவர். இத்தகைய வாசகருக்கு ‘இது நடந்ததா?’ என்ற கேள்விக்கு விடை, ஐந்து பெண்களின் பெயர் பதிவேட்டில் உண்டா என்பதைப் பொறுத்ததாக இருக்கவில்லை. தாம் கண்ட பெண்களின் துணிவுக்கும் இழப்புக்கும் கதை உண்மையாக இருந்ததா என்பதையே அவர் பார்த்தார்.

வாழ்ந்தவர்களே வாசகர்களானபோது

போரில் பங்கேற்ற பெண்களே தம் கதையை எழுத்தில் காணும்போது எழும் சிக்கலை, ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் முதல் நூல் கூர்மையாகக் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான முன்னாள் போர்வீராங்கனைகளைச் சந்தித்து, அவர்கள் சொன்னதைப் பதிவுசெய்து 1985-இல் நூலாக வெளியிட்ட அவர், 2015-இல் நோபல் பரிசு பெற்றார். அது நாவல் அன்று. வாய்மொழி வரலாறு, அதாவது நிகழ்ச்சிகளில் பங்கேற்றவர்களின் நேர்ப்பேச்சைத் தொகுத்துக் கட்டமைக்கும் முறை. ஆயினும் வரலாற்றுப் புனைவின் வாசகரைப் புரிந்துகொள்ள அதுவே சிறந்த துணை.

அந்நூலில் பேசும் பெண்கள், கால் அளவுக்கு மிகப் பெரிய காலணிகளையும் ஆண்களுக்கான உள்ளாடைகளையும் அணிந்து போர் முழுவதையும் கழித்ததைச் சொல்கிறார்கள். ஊர் திரும்பியபோது, ஆண்களோடு முகாமில் இருந்தவள் என்று அக்கம்பக்கத்துப் பெண்களே தூற்றியதையும் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தாளரோடு தனித்திருக்கையில் அழுதுகொண்டே இவற்றைச் சொன்னவர்களில் சிலர், எழுத்துப் படியைப் பார்த்தபின் அதே பகுதிகளை அடித்துவிட்டு, படைப்பிரிவின் சாதனை, தாக்குதலின் நாள், பெற்ற பதக்கம் என்று நாளிதழ் நடையில் மாற்றி அனுப்பினார்கள். சில வீடுகளில், போரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கணவர்மார் மனைவியருக்கு முன்கூட்டியே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அரசுத் தணிக்கையும் தன் பங்குக்குப் பல பகுதிகளை நீக்கியது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர் வந்த பதிப்பில்தான் அவை சேர்க்கப்பட்டன.

இதிலிருந்து பெறத்தக்க செய்தி ஒன்று உண்டு. நடந்ததைப் பார்த்தவர் சொல்வது அனைத்தும் ஒரே அடுக்கில் அமைந்த உண்மையன்று. பொதுவெளிக்கு ஒன்றும் அடுப்படிக்கு ஒன்றுமாக இரண்டு நினைவுகளைச் சுமந்து வாழுமாறு அப்பெண்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். பதிவேடுகளும் பதக்கங்களும் முதல் நினைவைக் காக்கின்றன. நல்ல நாவல் தேடிச் செல்வது இரண்டாவது நினைவை; வாசகர் அதை அங்கே கண்டுகொள்ளும்போதுதான் கண்ணீர் வருகிறது.

‘வியட்நாமில் பெண்கள் இல்லை’

அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டின் ஹன்னாவின் இரண்டு நாவல்கள் அண்மைக் காலத்தில் இத்தகைய அடையாளம் காணலைப் பேரளவில் ஏற்படுத்தியுள்ளன. 2015-இல் வந்த ‘தி நைட்டிங்கேல்’, ஜெர்மானியர் ஆக்கிரமித்த பிரான்சில் வாழும் அக்கா தங்கை இருவரின் கதை. சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளைப் பிரெனே மலைகளைக் கடந்து ஸ்பெயினுக்கு அழைத்துச் செல்லும் தங்கை இஸபெல்லின் பாத்திரத்துக்கு, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே தெ யொங் தூண்டுதலாக இருந்தார். 1941 ஆகஸ்டில், 24 வயதில், தாம் அழைத்து வந்தவர்களோடு பில்பாவோவில் இருந்த பிரித்தானியத் தூதரக அலுவலகத்தில் போய் நின்ற அவர், ‘கோமெட்’ என்ற தப்பிக்கும் வழித்தடத்தை உருவாக்கினார். 1943-இல் பிடிபட்டு, வதைமுகாம்களில் அடைக்கப்பட்டு, உயிரோடு மீண்டு, 2007 வரை வாழ்ந்தார். நாவலைப் படித்த எண்ணற்றோர் முதன்முதலாக அவர் பெயரைத் தேடிப் படித்தனர். கற்பனைப் பெண் ஒருத்தி, மறக்கப்பட்ட மெய்யான பெண்ணிடம் வாசகரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற நிகழ்வு அது.

2024-இல் வெளிவந்த ‘தி விமன்’ வியட்நாம் போரில் ராணுவச் செவிலியாகச் செல்லும் ஃபிராங்கி என்ற இளம்பெண்ணைப் பற்றியது. அவளுடைய தந்தையின் அறையில், போருக்குச் சென்ற குடும்பத்து ஆண்களின் படங்கள் மட்டுமே ஒரு சுவர் முழுதும் தொங்குகின்றன. தானும் அந்தச் சுவரில் இடம்பெறலாம் என்ற எண்ணமே அவளைக் களத்துக்கு அனுப்புகிறது. திரும்பி வந்து மனம் நொறுங்கி உதவி கேட்கும்போது அவளுக்குக் கிடைக்கும் விடை, வியட்நாமில் பெண்கள் இருக்கவில்லை என்பது. வரலாற்றில் ஏறத்தாழ 11,000 அமெரிக்கப் பெண்கள் அங்கே பணியாற்றினர், பெரும்பாலோர் செவிலியர். 1982-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட நினைவுச் சுவரில் எட்டுப் பெண்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உயிரோடு திரும்பிய பெண்களின் பணியைப் போற்றும் சிலைக்காக, முன்னாள் ராணுவச் செவிலி டயான் கார்ல்சன் எவன்ஸ் தொடங்கிய இயக்கம் பல ஆண்டுகள் மறுப்புகளைச் சந்தித்த பின்பே, 1993 நவம்பர் 11 அன்று அந்தச் சிலை திறக்கப்பட்டது.

இப்பின்னணியில், முன்னாள் செவிலியர் இந்நாவலைத் தம் வாழ்வுக்குக் கிடைத்த சான்றாக ஏற்றதும், அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் அதுவரை கேட்காத கேள்விகளை வீட்டில் கேட்கத் தொடங்கியதும் இயல்பே. அதே வேளையில், காதல் கதையின் திருப்பங்கள் போரின் கனத்தைக் குறைத்துவிட்டன என்ற குறையையும் வாசகர் பலர் முன்வைத்தனர். அக்குறை கலை நுணுக்கம் பற்றியது போலத் தோன்றினாலும் அதன் அடியில் இருப்பது நியாயமான எதிர்பார்ப்பு: அறுவைக் கூடத்தில் பெண் செய்த வேலையே அவள் வாழ்வின் பெரிய நிகழ்வு, யாரை மணப்பாள் என்பது அதை மறைக்கக் கூடாது.

பெயர் மெய்யாக இருக்கும்போது

கற்பனைப் பெண்ணைப் படைப்பவருக்கு உள்ள சுதந்திரம், வாழ்ந்த பெண்ணின் பெயரையே எடுத்தாள்பவருக்கு இல்லை என்பதை ஹீதர் மோரிஸின் நாவல்களைச் சூழ்ந்த விவாதம் உணர்த்தியது. அவுஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் கையில் எண்களைப் பச்சை குத்திய லாலி சொகொலோவ், முதுமையில் மெல்போர்னில் சொன்ன நினைவுகளை அடிப்படையாகக் கொண்ட ‘தி டாட்டூயிஸ்ட் ஆஃப் அவுஷ்விட்ஸ்’ 2018-இல் வந்து பல லட்சம் படிகள் விற்றது. அவ்வாண்டின் இறுதியில் அவுஷ்விட்ஸ் நினைவகத்தின் ஆய்வாளர் வாண்டா விதெக்-மலீட்ஸ்கா அதன் பிழைகளை விரிவாகப் பட்டியலிட்டார். நாயகியின் கையில் குத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட எண், கைதிகள் கொண்டுவரப்பட்ட ரயிலின் வழி, முகாமில் அப்போது கிடைத்திருக்கவே முடியாத பெனிசிலின் மருந்து ஆகியவை அவற்றுள் சில. முகாமின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இந்நூலைப் பரிந்துரைக்க இயலாது என்பது நினைவகத்தின் முடிவு.

2019-இல் வந்த தொடர் நாவல் ‘சில்காஸ் ஜர்னி’ இன்னும் கடுமையான கேள்வியை எழுப்பியது. பதினாறு வயதில் அவுஷ்விட்ஸுக்கும், போருக்குப் பின் சோவியத் கட்டாய உழைப்பு முகாமுக்கும் அனுப்பப்பட்ட சில்கா என்ற மெய்யான பெண்ணை, ஜெர்மானிய அதிகாரியின் பாலியல் வன்முறைக்கு நெடுங்காலம் உள்ளானவளாக இந்நாவல்கள் காட்டின. அவள் மறைந்துவிட்டாள், மறுக்கவோ ஒப்பவோ அவளால் இயலாது. குடும்பத்தினரின் எதிர்ப்பு வெளிப்பட்டபோது, நாவலைக் கண்ணீரோடு படித்திருந்த வாசகர் பலருக்குத் தம் கண்ணீர் யாருக்காகச் சிந்தப்பட்டது என்ற ஐயம் எழுந்தது.

இது புனைவுதானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. உண்மைக் கதை என்று அறிவித்து வாசகரின் நம்பிக்கையைப் பெற்ற நூல், பிழை சுட்டப்படும்போது மட்டும் கற்பனையின் நிழலில் ஒதுங்குவது அறமாகாது. மேலும், யூத இன அழிப்பே நடக்கவில்லை என்று சாதிப்போர் இன்றும் இருக்கும் நிலையில், தவறான ஒரு மருந்தின் பெயர்கூட அவர்களுக்கு ஆயுதமாகலாம் என்பதால், நினைவகத்தின் கண்டிப்பை நுணுக்கவாதம் என்று தள்ளிவிட முடியாது.

எதிர்க்கரையில் நின்ற பெண்கள்

வாசகரின் கேள்வி, எழுதப்பட்டதோடு நிற்காமல் எழுதப்படாததையும் நோக்கித் திரும்பும்போதே முழுமை பெறுகிறது. ‘தி விமன்’ நாவலில் வியட்நாமியப் பெண்கள் பெரும்பாலும் பின்னணியில் தோன்றி மறைகின்றனர். அவர்களுடைய நாட்டில் நடந்த போரில் அவர்களும் மருத்துவர்களாகவும், காட்டுப் பாதைகளைச் செப்பனிட்ட தொண்டர்களாகவும், போராளிகளாகவும் இருந்தனர். குவாங் ங்காய் மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றி, 1970 ஜூன் மாதம் 27 வயதில் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்ட டாங் துய் ச்சாம் எழுதிய நாட்குறிப்புகள், எரிக்கப்படவிருந்த நிலையில் ஓர் அமெரிக்க வீரரால் காப்பாற்றப்பட்டு, 2005-இல் அந்த மருத்துவரின் குடும்பத்தைச் சென்றடைந்தன. அதே ஆண்டு ஹனோயில் நூலாக வந்தபோது, போரைப் பாடநூலில் மட்டுமே அறிந்திருந்த இளைஞர்கள் லட்சக்கணக்கில் அதை வாங்கிப் படித்தனர். ஃபிராங்கியின் கதையைப் படித்தவர் இந்த மருத்துவரின் நாட்குறிப்பையும் படிக்கும்போது, ஒரே போரின் இரண்டு மருத்துவக் கூடங்களும் ஒரே மனத்தில் இடம்பெறுகின்றன.

ஆகவே, வாசகரின் கேள்வியை மதிக்கும் கடமை எழுத்தாளர், பதிப்பாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய மூவருக்கும் உண்டு. எது ஆவணத்திலிருந்து வந்தது, எது கற்பனை என்பதைப் பின்னுரையில் பிரித்துச் சொல்வது எழுத்தாளரின் கடன். அப்பின்னுரையை விட்டுவிடாமல் தமிழில் தருவதும், தேவையான இடங்களில் வரலாற்றுக் குறிப்புகளைச் சேர்ப்பதும் மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளரின் கடன். வாசகருக்கும் ஒரு பங்கு உண்டு. நாவலை மூடிவைத்த பின், அதே போரைச் சந்தித்த பெண்களின் வாக்குமூலம், நாட்குறிப்பு, நேர்காணல் ஆகியவற்றில் ஒன்றையேனும் தேடிப் படிப்பது, ஏமாற்றும் நூலிலிருந்து அவரைக் காக்கும். நல்ல நூலின் ஆழத்தையும் காட்டும். பதிவேடுகள் விட்டுவிட்ட பெண்களுக்குப் புனைவு செய்யக்கூடிய பெரிய உதவி, அவர்களைப் பற்றி விசாரிக்கும் மனிதர்களை உருவாக்குவதே. அவ்விசாரணையைத் தாங்கி நிற்கும் நாவல் மட்டுமே அப்பெண்களின் பெயரால் பேசும் தகுதி உடையது.