ஆச்சி போனில் ஏன் திறக்கவில்லை?

தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் இருந்தால் போதும், முக்கோணம், கனசதுரம், வீடு எல்லாம் கட்டலாம் என்று நாடு முழுக்கச் செய்து காட்டியவர் அரவிந்த் குப்தா. புனேயில் அயூக்கா என்ற வானியல் மையம் இருக்கிறது. அதன் வளாகத்தில் உள்ள சிறுவர் அறிவியல் கூடத்தில் 2003 முதல் 2014 வரை வேலை பார்த்தார். குப்பைக்குப் போகிற சாமான்களில் செய்த பொம்மைகளைப் படம் படமாக எடுத்து, தன் சொந்த வலைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டு வைத்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவரைப் பார்த்துத்தான் புனே ராஸ்தா பேட்டில் இருக்கும் என் தங்கை மகளுக்கும் ஆசை வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தான் செய்த பொம்மைகளுக்கென்று ஒரு வலைத்தளம் தொடங்கி, திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சிக்கு முகவரி அனுப்பினாள். ஆச்சி போனில் வெள்ளைத் திரைதான் தெரிந்தது.

“சுத்திக்கிட்டே இருக்குடி.”

“எனக்கு டக்குனு வருதே ஆச்சி! உங்க போன்தான் பழசு.”

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. விசாரித்தால், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒரு பக்கத்தை முதல்முறை திறக்கும்போது பிரவுசர் அதிலுள்ள படங்களை எல்லாம் உங்கள் கணினியிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். இதற்குக் கேஷ் என்று பெயர். அடுத்த முறை வெளியே போய்க் கேட்காமல், கையில் இருப்பதையே எடுத்துக் காட்டிவிடும். தளத்தைக் கட்டியவள் அதை நூறு தடவை திறந்திருப்பாள். அதனால் தன் தளம் எவ்வளவு மெதுவானது என்பது அவளுக்கு மட்டும் தெரியாது!

“ரகசிய ஜன்னலில் திற” என்றேன். பழைய பிரதிகளைத் தொடாத ஜன்னல் அது. திறந்தாள். “ஐயோ மாமா, சுத்துது!”

இந்த இடத்தில் பெரியவர்களே தடுமாறுவார்கள். அவள் அப்பா உடனே, “நெட் பிளானை மாத்திடலாமா?” என்றார். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் ஊசி போடக் கூடாது அல்லவா? முதலில் அளக்க வேண்டும். அதற்கான கருவி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் எஃப்12 பொத்தானை அமுக்கி, ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி திறந்தால், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டை ஓடும். குரோம் பிரவுசரில் ஒரு பட்டைமேல் சுட்டியை வைத்தால், பச்சை நிறம், தளத்தின் கோப்புகளை வைத்திருந்து கேட்டதும் அனுப்பும் கணினியான சர்வரின் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தைக் காட்டும். நீலம் கோப்பு இறங்கிய நேரத்தைக் காட்டும். காத்திருப்பது வேறு நோய், இறங்குவது வேறு நோய். மருந்தும் வேறு வேறு.

அவள் தளத்தில் நீலம் நீளமாக ஓடியது. பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மெகாபைட். போன் கேமரா எடுத்த படம் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம். பெருக்கிப் பாருங்கள், 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஆனால் பக்கத்தில் அந்தப் படம் தெரிவது 400-க்கு 300 அளவில்தான். அதற்கு 1 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகள் போதும். நூற்றில் ஒரு பங்கு! ஒரு சொம்புத் தண்ணீர் கேட்ட ஆச்சி வீட்டுக்கு லாரித் தண்ணீரை அனுப்பியிருக்கிறாள்.

மொத்தம் 48 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 384 மெகாபிட். ஆச்சி வீட்டுச் சிக்னல் நொடிக்கு 4 மெகாபிட் இழுத்தால் 96 நொடி ஆகும். எழுத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். தமிழில் ‘க’ என்று எழுத 3 பைட், ‘கா’ என்றால் 6 பைட். இப்போது நீங்கள் படிக்கிற இந்தக் கட்டுரை முழுவதும் சேர்ந்தாலும் 30 கிலோபைட்டுக்குள்தான். அவளுடைய ஒரே ஒரு படத்தின் இடத்தில் இதைப் போல நூறு கட்டுரைகளுக்கு மேல் அடைக்கலாம்.

படங்களை 800 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினாள். பக்கம் வேகமாகிவிட்டது. ஆனாலும் திறந்தவுடன் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. பட்டையைப் பார்த்தால், இப்போது பச்சை. சுவாரஸ்யமே இனிமேல்தான்.

அவள் தளம் வைத்திருந்த இலவச சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருந்தது. புனேயிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 13,000 கிலோமீட்டர். செய்தி ஒளியிழை வழியாக ஒளியாகவே போகிறது. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம்தான் ஓடும். போய்வர 26,000 கிலோமீட்டர் என்றால் 0.13 நொடி. கடலடிக் கேபிள்கள் நேர்க்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போவதால், உண்மையில் 0.2 நொடிக்கு மேலேயே ஆகும்.

“இவ்வளவுதானே?” என்றாள். ஒருமுறை போய்வந்தால் இவ்வளவுதான். ஆனால், ‘பேசலாமா?’ என்று கேட்டுச் சம்மதம் வாங்க ஒரு நடை. பேச்சைப் பூட்டி ரகசியமாக்க இன்னொரு நடை. ‘பக்கத்தைக் கொடு’ என்று கேட்க மூன்றாவது நடை. முதல் எழுத்து வருவதற்குள்ளேயே அரை நொடி தாண்டிவிடும். பிளானை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் இது குறையாது. பிளான் மாறினால் ஒரு நொடிக்குள் அதிகச் சரக்கு வரும். ஒளி வேகமாக ஓடாது.

புனேக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. ஊருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், கோடத் கிராமத்தருகே, 30 பெரிய கிண்ண ஆன்டெனாக்கள் கொண்ட ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். அதை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப்தான் நம் ஊட்டியிலும் ரேடியோ தொலைநோக்கி அமைத்தவர். கோடத்தில் ஆன்டெனாக்கள் 25 கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடப்பதால், தூரத்து ஆன்டெனாவின் சிக்னல் ஒளியிழையில் தாமதமாகத்தான் வரும். அதை வேகப்படுத்த வழியில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவற்றின் சிக்னலைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு!

தூரத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. சர்வர் 4 மெகாபைட் படத்தை ஒரேயடியாக வீசிவிடாது. முதலில் பத்துப் பொட்டலம், அதாவது சுமார் 14 கிலோபைட் அனுப்பும். ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வந்த பிறகு இருபது. அப்புறம் நாற்பது. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால், 4 மெகாபைட்டை முடிக்க ஒன்பது நடை வேண்டும். நடைக்கு 0.2 நொடி வீதம் 1.8 நொடி. சர்வர் மும்பையில் இருந்து, நடைக்கு 0.01 நொடி ஆனால்? ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஏன் இந்தப் பயந்த சுபாவம்? பட்டறிவுதான். 1986 அக்டோபரில் அமெரிக்காவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணையம் திணறிப்போனது. நடுவே இருந்த தூரம் சுமார் 400 கஜம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பில் 40 பிட்தான் போனது! தமிழில் ஒரு ‘பூ’ எழுதவே 48 பிட் வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் பொட்டலங்களைக் கொட்டின. வழியில் தொலைந்தவற்றை மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலை இன்னும் கூட்டின. வான் ஜேக்கப்சன் என்பவர் இதை ஆராய்ந்து, மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டும் முறையை 1988இல் கட்டுரையாக எழுதினார். இன்று உங்கள் வீட்டில் இணையம் நெரிசலில் நின்றுவிடாமல் ஓடுவதற்கு அந்தப் பணிவும் ஒரு காரணம்.

ஆகவே, சர்வரை அருகில் கொண்டுவருவதுதான் வழி. மைக்ரோசாஃப்ட்டின் ‘சென்ட்ரல் இந்தியா’ தரவு மையம் 2015இல் தொடங்கியது. அது இருப்பதே புனேயில்தான்! அமேசான் 2016இல் மும்பையில் தொடங்கியது. பல ஊர்களில் பிரதி வைத்து, கேட்பவருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கும் சேவைகளும் உண்டு. என் மருமகள் அப்படி ஒன்றுக்கு மாறினாள். திரையில் பனி கொட்டும் அலங்காரம் ஒன்றையும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தாள். அதற்குத் தனியாக இன்னொரு சர்வரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அதை எடுக்கச் சொன்னதற்குத்தான் கொஞ்சம் முகம் சுளித்தாள்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். கணினியின் கட்டளை ஜன்னலில் ‘பிங்’ கட்டளையோடு ஒரு தளத்தின் முகவரியை அடித்தால், போய்வந்த நேரத்தை மில்லிநொடியில் சொல்லும். 4 என்று வந்தால், போக 2, வர 2. மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர் வீதம், அந்தச் சர்வர் உங்களிடமிருந்து 400 கிலோமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனியின் தளம் சென்னையிலிருந்து 4 மில்லிநொடியில் பதில் சொன்னால், பதில் சொன்னது அமெரிக்காவில் உள்ள கணினி இல்லை. நேரம் 250 என்று வந்தால் மட்டும் அவசரப்பட்டு ‘தூரத்தில் இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். வழியில் நெரிசலாலும் அப்படி ஆகலாம். பிங் மிகப் பெரிய எண் காட்டினாலும் சர்வர் பக்கத்துத் தெருவில் இருக்க வாய்ப்புண்டு. மிகச் சிறிய எண் காட்டினால் அது தூரத்தில் இருக்க வாய்ப்பே இல்லை.