சூனியம் என்றால் பூஜ்யமா? பில்லி என்றால் பூனையா?

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேயருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்குள்ள டெலானிபூரில் ஒரு தமிழர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வங்காளிகள் இருக்கலாம், ராஞ்சிக்காரர்கள் இருக்கலாம். எல்லோருக்கும் பொதுவான மொழி இந்தி. "யாரோ பில்லி வச்சிட்டாங்க" என்று அங்கே சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுவது பூனைதான்.

இந்தியில் பில்லி என்றால் பூனை. மாந்திரீகத்துக்கு 'ஜாதூ டோனா', 'காலா ஜாதூ' என்பார்கள். தமிழில் பில்லி பெரும்பாலும் சூனியத்தோடு ஜோடியாகத்தான் வரும். ஒலி ஒன்றுபோல இருக்கிறதே என்று பூனைக்கும் சூனியத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

பரீட்சையில் எழுதிய வார்த்தைகள்

சூனியம் என்ற சொல்லின் வரலாறு தெளிவானது. சமஸ்கிருதத்தில் 'சூன்ய' என்றால் வெறுமை, கணக்கில் பூஜ்யம். பௌத்தத்தில் அது ஒரு தத்துவம். அரபியில் அதையே 'ஸிஃப்ர்' என்று மொழிபெயர்த்தார்கள். அது ஐரோப்பா போய் சைபர், ஜீரோ என இரண்டாகத் திரும்பி வந்தது. எதிரியின் வீடு, தொழில், உடம்பு எல்லாம் பாழாகட்டும், வெறுமையாகட்டும் என்ற எண்ணத்திலிருந்து மாந்திரீகப் பொருள் வந்தது என்பதே பொதுவான விளக்கம். சிங்களத்தில் இதே சொல் 'ஹூனியம்' ஆகியிருக்கிறது. நம்மிடம் அது கிண்டலாகவும் மாறிவிட்டது: சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ளாதவர் யார்?

செய்வினையும் ஏவலும் இன்னும் வேடிக்கை. இரண்டையும் தமிழ் இலக்கணப் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். செய்வினைக்கு எதிர் செயப்பாட்டுவினை. 'வா', 'போ' ஏவல் வினைமுற்று. ஒருவர் 'செய்தது' செய்வினை, ஒன்றை 'ஏவிவிட்டது' ஏவல். அவ்வளவுதான்.

சொல் ஆளின் மேல் ஒட்டும்போது

இவையெல்லாம் செயலைக் குறிக்கும் சொற்கள். ஆளையே குறிக்கும் சொல்தான் ஆபத்தானது. அந்தமானின் ராஞ்சிக்காரர்கள், 1918 முதல் காட்டு வேலைக்காக சோட்டாநாக்பூர் பகுதியிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பூர்விக மண்ணில் 'டாயன்' என்ற பட்டம் பல பெண்களின் உயிரைக் குடித்திருக்கிறது. இது சமஸ்கிருத 'டாகினி'யிலிருந்து வந்த சொல். நமக்கும் அந்நியமில்லை: சிலப்பதிகாரத்தில் 'இடாகினிப் பேய்' வருகிறது.

ஒரு பெண்ணை டாயன் என்று அடையாளம் காட்டுவதையே குற்றமாக்கி பீகார் 1999இல் சட்டம் இயற்றியது. 2001இல் ஜார்க்கண்டும் அதை ஏற்றது. நரேந்திர தபோல்கர் சுட்டுக்கொல்லப்பட்ட 2013இல் மகாராஷ்டிரத்தில் மாந்திரீகத் தடைச் சட்டம் வந்தது.

அந்தமானில் என்ன வழி?

அந்தமானுக்குச் சட்டமன்றம் கிடையாது, மத்திய சட்டங்கள்தான் கை கொடுக்கும். "செய்வினை எடுக்கிறேன்" என்று ஏமாற்றிப் பணம் கறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன் கீழ் மோசடிப் புகார் கொடுக்கலாம்; தண்டனை 7 ஆண்டு வரை. சட்டம் பட்டியலிட்டுள்ள நோய்களைத் தாயத்தோ மந்திரமோ தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால் 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் பாயும். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை. நோட்டீஸ் மட்டுமல்ல, வாயால் அறிவிப்பதும் இதில் விளம்பரம்தான்.